யாழ்ப்பாணத்துச் செத்தவீடும் அதற்குப் பிறகும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகள், வேறு மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், யாழ்ப்பாணத்தில் கலியாணம் கட்டியவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்கள் பெரும்பாலும் சைவ வீடுகளை வைத்தவை. கிறிஸ்தவ, முஸ்லிம் வீடுகளைப் பற்றித் தனியே சொல்லியிருக்கிறேன். ஊருக்கு ஊர், சில சமயம் ஒரே ஒழுங்கைக்குள் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். "எங்கட வீட்டில இப்பிடித்தான்" என்று ஒரு பெரியவர் சொன்னால் அந்த வீட்டில் அதுதான் முறை. இதைக் காட்டி வாதாட வேண்டாம்.

சொல்லாமல் செத்தவீட்டுக்குப் போகலாமா?

போகலாம், போகவும் வேண்டும். கலியாணத்துக்கு வீடு தேடி வந்து வெத்திலைத் தட்டம் நீட்டிச் சொல்லாவிட்டால் மனஸ்தாபம் வரும். செத்தவீட்டுக்கு யாரும் சொல்வதில்லை, கேள்விப்பட்டதே அழைப்பு. "நல்லதுக்குப் போகாட்டிலும் கெட்டதுக்குப் போகவேணும்" என்பது இங்கே வெறும் பேச்சில்லை. காணிப் பிரச்சினையில் வருடக்கணக்காக முகம் பார்க்காத சகோதரர்கள்கூட அன்றைக்குப் படலை திறந்து வருவார்கள். அன்று வராமல் விட்டால் அந்தப் பகை அடுத்த தலைமுறைக்கும் போகும்.

முன்பு செய்தி பரவியது ஆள் விட்டும், இலங்கை வானொலியின் மரண அறிவித்தலாலும், பிறகு பத்திரிகையாலும். இப்போது கைத்தொலைபேசிக்குப் படமாக வந்துவிடுகிறது. ஆனால் வாசகம் மாறவில்லை: "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, காலஞ்சென்ற பெற்றோர், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக வந்து, தகனம் நடக்கும் மயானத்தில் முடியும். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் கனடா, லண்டன், சுவிஸ் என்று இருக்கும். ஒரு குடும்பம் எப்படிச் சிதறியது என்பதை அந்த அரைப் பக்கத்தில் வாசித்துவிடலாம். பெயர் விடுபட்ட மருமகன் கோபித்துக்கொள்வதும் வழக்கம்தான், ஆகவே அறிவித்தல் எழுதுபவர் கவனமாக இருப்பது நல்லது.

என்ன உடுத்துவது? என்ன சொல்வது?

வெள்ளை அல்லது மங்கலான நிறம். ஆண்களுக்கு வேட்டியோ சாதாரணக் காற்சட்டையோ போதும். பட்டுச்சேலையும் பளிச்சென்ற நகையும் வேண்டாம்.

பேச்சு அதிகம் தேவையில்லை. வணக்கம் சொல்வதில்லை, "எப்படிச் சுகம்" கேட்பதில்லை. போய்க் கையைப் பிடித்தால் போதும். ஆண்கள் பந்தலில் கதிரையில் இருப்பார்கள், பெண்கள் உள்ளே உடலைச் சுற்றி இருப்பார்கள். தேத்தண்ணி தந்தால் குடிக்கலாம். புறப்படும்போது "போட்டு வாறன்" என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். அந்த வீட்டுக்கு இந்தக் காரணத்துக்காகத் திரும்பி வரக்கூடாது என்பது கணக்கு. சொல்லாமல் எழும்பிப் போவதே மரியாதை. வீட்டுக்குப் போய் முழுகிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

உதவி செய்ய விரும்புகிறேன். என்ன செய்யலாம்?

கேட்டுக்கொண்டு நிற்காமல் ஒரு வேலையை எடுத்துச் செய்யுங்கள். செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை. அயலட்டையும் சொந்தக்காரரும்தான் சமைத்துக் கொண்டுவர வேண்டும். கதிரையும் கொட்டகையும் பெரும்பாலும் ஊர்ச் சனசமூக நிலையத்திலிருந்து வரும், அவற்றை ஏற்றி இறக்க ஆள் வேண்டும். தோரணம் பின்னத் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். கலியாணத் தோரணமும் செத்தவீட்டுத் தோரணமும் பின்னும் விதத்தில் வேறு, ஆகவே தெரியாமல் கை வைக்க வேண்டாம்.

இன்னொரு வேலையை யாரும் கவனிப்பதில்லை: கடதாசி வேலை. வீட்டில் இறந்தால் கிராம அலுவலரிடம் (பழைய ஆட்களுக்கு விதானையார்) அறிக்கை பெற்றுப் பதிவாளரிடம் போகவேண்டும். வைத்தியசாலையில் இறந்தால் அங்கேயே தொடங்கும். திடீர் மரணம் அல்லது விபத்து என்றால் மரண விசாரணை அதிகாரி பார்த்த பிறகுதான் உடல் கிடைக்கும். அழுதுகொண்டிருக்கும் மகனிடம் தாயின் அடையாள அட்டை எங்கே என்று கேட்பதைவிட, நீங்களே அலுமாரியைத் திறந்து தேடிக் கொடுப்பது பெரிய உபகாரம்.

வீட்டில் நடக்கும் கிரியைகள் என்ன?

சைவ வீடுகளில் இதை நடத்துபவர் பெரும்பாலும் சைவக்குருக்கள். கோயிலில் பூசை செய்யும் பிராமணக் குருக்கள் இதற்கு வருவதில்லை. கும்பம் வைத்து, சுண்ணம் இடிப்பார்கள். உரலில் மஞ்சளும் அறுகம்புல்லும் இட்டு உலக்கையால் இடிக்கும்போது திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணத்தைப் பாடுவார்கள். மாணிக்கவாசகர் அதை இறைவன் ஆடும் பொருட்டுச் சுண்ணம் இடிக்கும் பெண்களின் மகிழ்ச்சிப் பாட்டாகவே பாடினார். அது எப்படிச் செத்தவீட்டுப் பாட்டானது என்று கேட்டால், இறந்தவரைச் சிவமாகப் பாவித்து முழுக்காட்டுகிறோம் என்பார்கள். இங்கே பிறந்த பலருக்கு அந்தப் பாட்டைக் கேட்டாலே மனம் கனத்துவிடும்.

அதன் பிறகு எண்ணெயும் அரப்பும் வைத்தல், முழுக்காட்டல், புதுத்துணி. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்துக்கொண்டு சுற்றி நிற்பார்கள். சின்னப்பிள்ளைகளைச் செத்தவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். பதில் இதற்குள்ளேயே இருக்கிறது. பேரப்பிள்ளை இல்லாமல் பந்தம் இல்லை. நெருப்புப் படாமல் பக்கத்தில் ஒரு மாமா நின்றால் போதும். கடைசியில் உறவுகள் ஒவ்வொருவராக வாய்க்கரிசி போடுவார்கள். அழுகை உச்சத்துக்கு வருவது அப்போதுதான்.

ஒப்பாரி இப்போது குறைந்துவிட்டது. முன்பு வயதான பெண்கள் இருவர் மூவராகக் கட்டிப்பிடித்து, ஆடி ஆடி, இறந்தவரின் குணம், பட்ட கஷ்டம், பிள்ளைகளை வளர்த்த விதம் எல்லாவற்றையும் ராகத்தில் சொல்லி அழுவார்கள். அதற்குள் உயிரோடு இருப்பவர்களுக்கும் குத்தல் இருக்கும். கவனிக்காத மகனின் பெயர் சபையில் வந்துவிடும். இன்றைய இளம் பெண்கள் சத்தமில்லாமல் அழுகிறார்கள். ஒலிப்பெட்டியில் சிவபுராணம் போகிறது. நாகரிகம் என்கிறார்கள். எனக்கு அது நட்டமாகத்தான் தெரிகிறது.

பெண்கள் சுடலைக்குப் போகலாமா? மகள் கொள்ளி வைக்கலாமா?

பழைய வழக்கத்தில் பெண்கள் படலை வரைதான். தகப்பனுக்கு மூத்த மகன், தாய்க்குக் கடைசி மகன் கொள்ளி வைப்பது முறை. மகன் இல்லாவிட்டால், அல்லது வந்துசேர முடியாவிட்டால், மருமகனோ பெறாமகனோ (சகோதரரின் மகன்) பேரனோ வைப்பார்கள். இப்போது மகள்மார் கொள்ளி வைத்த வீடுகளும் உண்டு. ஆண்பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில் இருக்க, கடைசி வருடங்களில் பெற்றோரைத் தூக்கிப் பார்த்தவள் ஊரில் நின்ற மகள்தான் என்னும்போது, அவளைப் படலையில் நிறுத்துவதற்கு நல்ல நியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. விருப்பமிருந்தால் குருக்களிடம் முதல் நாளே கதைத்துவிடுங்கள். சுடலையில் வைத்து வாக்குவாதப்படுவது யாருக்கும் அழகில்லை.

பறை அடிப்பது கட்டாயமா? சிலர் ஏன் வேண்டாம் என்கிறார்கள்?

கட்டாயமில்லை. இந்தக் கேள்வியைக் கலை என்று மட்டும் பார்த்துக் கடந்துபோக முடியாது. யாழ்ப்பாணத்தில் செத்தவீட்டு வேலைகள் சாதிவாரியாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன: ஒருவர் பறை அடிக்க, ஒருவர் வெள்ளை கட்ட, ஒருவர் முடி வழிக்க. குடிமை முறை என்று இதற்குப் பெயர். அவர்கள் மறுத்தால் அடி விழுந்த காலமும் இருந்தது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் படித்து, இனி நாங்கள் அடிக்கமாட்டோம் என்று பறையை இறக்கி வைத்தது ஒரு போராட்டம். அதே பறையை மேடையில் பெருமையோடு அடிக்கும் இளைஞர்களும் இன்று இருக்கிறார்கள். இரண்டும் நியாயம்தான். கூலி பேசி, மதித்து அழைத்து, அவர்களும் விரும்பி வந்தால் அடிக்கட்டும். "எங்கட பரம்பரைக்கு அடிக்கிற ஆக்கள்" என்ற உரிமைப் பேச்சு எழும் வீட்டில் பறை வேண்டாம்.

சுடலைகளும் அப்படித்தான். ஊர்ப்பெயரில் "இந்து மயானம்" என்று எழுதியிருந்தாலும் யார் எங்கே எரிக்கலாம் என்று எழுதாத சட்டங்கள் இருந்தன, சில இடங்களில் இன்னும் இருக்கின்றன. குடிமனைகளுக்கு நடுவே இருக்கும் மயானத்தை அகற்றக் கோரிப் புத்தூரில் 2017இல் மக்கள் போராடியபோது அந்தப் பழைய கதை எல்லாம் மேலே வந்தது.

பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வரும்வரை உடலை வைத்திருப்பது சரியா?

பழைய ஆட்கள் ஒரு நாளுக்கு மேல் வைக்கமாட்டார்கள். இப்போது மலர்ச்சாலைக்காரர் மருந்தேற்றித் தருவதால் சில நாட்கள் வைக்க முடிகிறது. வருவது உறுதி என்றால் காத்திருக்கலாம். விசா கிடைக்குமா, விடுமுறை கிடைக்குமா என்று தெரியாமல் காக்க வைப்பது, வீட்டில் இருக்கும் வயதான துணைக்குச் செய்யும் கொடுமை. வர முடியாதவர்கள் நேரலையில் பார்க்கிறார்கள். ஒருவர் கைத்தொலைபேசியைப் பிரேதத்தின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பார். டொரோண்டோவில் நள்ளிரவில் ஒரு மகள் அதைப் பார்த்துக் குளறுவாள். முதலில் அருவருத்த பெரியவர்கள்கூட இப்போது "கமராவுக்கு இடம் விடுங்கோ" என்கிறார்கள்.

காடாத்து, எட்டு, அந்தியேட்டி: எது எப்போது?

காடாத்து என்பது எரித்த மறுநாளோ மூன்றாம் நாளோ சுடலைக்குப் போய்ச் சாம்பலும் எலும்பும் எடுப்பது. அதைக் கடலில் கரைப்பார்கள்.

எட்டுச் செலவில் இறந்தவருக்குப் பிடித்த சாப்பாட்டைச் சமைத்துப் படைப்பார்கள். இதில் வீட்டுக்கு வீடு பெரிய வித்தியாசம். சைவச் சாப்பாடு மட்டும் படைக்கும் வீடு உண்டு. ஆள் விரும்பிச் சாப்பிட்ட மீனும் நண்டும், குடிப்பவர் என்றால் ஒரு போத்தலும், சுருட்டும் வைக்கும் வீடும் உண்டு. உயிரோடு இருந்தபோது வைத்தியர் மறுத்ததெல்லாம் அன்றைக்கு இலையில் இருக்கும்.

அந்தியேட்டி 31ஆம் நாள். தமிழ்நாட்டில் 16ஆம் நாள் கருமாதி செய்வதைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது நீண்டதாகத் தெரியும். கீரிமலைத் தீர்த்தக்கரையில் காலையில் அந்தியேட்டி, பிறகு வீட்டில் வீட்டுக்கிருத்தியம், அதன்பின் மதியபோசனம். செத்தவீட்டுக்குச் சொல்லாதவர்கள் இதற்குச் சொல்லுவார்கள். கீரிமலை பல வருடங்கள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்டிருந்தது. அந்தக் காலத்தில் இறந்தவர்களுக்கு வேறு கரைகளில் செய்து முடித்தார்கள். தகப்பனுக்குக் கீரிமலையில் செய்யவில்லையே என்று இன்றும் மனத்தாங்கலோடு இருப்பவர்கள் உண்டு. கடல் ஒன்றுதான் என்று குருக்கள் சொன்னாலும் அவர்கள் மனம் ஆறுவதில்லை.

துடக்கு (தீட்டு) எத்தனை நாள்? யாருக்கு?

பெரும்பாலான சைவ வீடுகளில் 31 நாள், நெருங்கிய பங்காளிகளுக்கும் சேர்த்து. கோயிலுக்குப் போவதில்லை. நல்லூர்த் திருவிழா 25 நாள் நடக்கும். அதற்குள் துடக்கு வந்துவிட்டால் வீதிப்பக்கமே போகமாட்டார்கள். ஒரு வருடம் பொங்கல், தீபாவளி கொண்டாடாத வீடுகள் உண்டு. வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் துடக்கு இல்லை.

கிறிஸ்தவ வீட்டில் என்ன வேறுபாடு?

கத்தோலிக்கரிடம் துக்கமணி, வீட்டில் செபமாலை, கோயிலில் திருப்பலி, பிறகு சேமக்காலையில் அடக்கம். நீங்கள் சைவராக இருந்தாலும் கோயிலுக்குள் போய் இருக்கலாம். நற்கருணை வாங்கப் போகவேண்டாம், அவ்வளவுதான். இங்குள்ள கத்தோலிக்கரும் 31ஆம் நாள் நினைவுத் திருப்பலி வைத்துச் சாப்பாடு கொடுக்கிறார்கள். மதம் மாறினாலும் நாள்கணக்கு மாறவில்லை. நவம்பர் 2ஆம் தேதி சகல ஆன்மாக்களின் தினத்தில் கல்லறைகளைத் துப்புரவாக்கி, பூவும் மெழுகுதிரியும் வைப்பார்கள். வட்டுக்கோட்டை, உடுவில் போன்ற பழைய அமெரிக்க மிசன் ஊர்களின் புரட்டஸ்தாந்து வீடுகளில் எல்லாம் இன்னும் எளிமை: ஞானப்பாட்டு, வேதவாசிப்பு, சுருக்கமான பிரசங்கம். அங்கே குளறி அழுதால் சிலர் திரும்பிப் பார்ப்பார்கள்.

முஸ்லிம் வீட்டுக்குப் போகும்போது?

உடனே போங்கள். தாமதிக்காமல் அடக்குவது அவர்களது முறை. மாலையில் போகலாம் என்று இருந்தால் ஜனாஸா எடுத்திருப்பார்கள். குளிப்பாட்டி, வெள்ளைக் கபன் துணி சுற்றி, தொழுகை நடத்தி மையவாடிக்குக் கொண்டுபோவார்கள். மலர்வளையம் வேண்டாம். கணவனை இழந்த பெண் 4 மாதமும் 10 நாளும் இத்தா (வீட்டோடு துக்கம் காப்பது) இருப்பார். அந்தக் காலத்தில் அவரைப் பார்க்கப் பெண்கள் போகலாம், ஆண்கள் போவதில்லை. மூன்றாம், ஏழாம், நாற்பதாம் நாள்களில் கத்தம் ஓதும் வீடுகளும், அது மார்க்கத்தில் இல்லை என்று விடும் வீடுகளும் உண்டு.

யாழ்ப்பாண முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டவர்கள். புத்தளத்து அகதி முகாம்களில் இறந்த பெற்றோரை அங்கேயே அடக்கிவிட்டுத் திரும்பி வந்திருக்கும் பிள்ளைகளுக்குத் தாத்தாவின் கபுறு (புதைகுழி) யாழ்ப்பாணத்துச் சோனகதெருவிலும் வாப்பாவின் கபுறு புத்தளத்திலும் இருக்கிறது. கொவிட் காலத்தில் அந்தத் தொற்றோடு இறந்த அவர்களது ஜனாஸாக்களையும் அரசாங்கம் கட்டாயமாக எரித்தது. 2021 பெப்ரவரியில்தான் அந்த உத்தரவு விலக்கப்பட்டது. எரிப்பது எங்களுக்கு வழக்கம் என்பதால் அதன் வலி இங்கே பலருக்கு உறைக்கவில்லை. கீரிமலையில் செய்ய முடியாமல் போனவர்களுக்காவது அது உறைத்திருக்க வேண்டும்.

உடல் கிடைக்காவிட்டால் கிரியை செய்யலாமா?

சாத்திரத்தில் வழி இருக்கிறது. தர்ப்பையால் உருச்செய்து எரித்து மற்றக் கிரியைகளைத் தொடரலாம். கடலில் போன மீனவர் குடும்பங்களுக்கு அப்படிச் செய்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டார். அவர்களுக்கு வழிமுறை சொல்ல எனக்குத் தைரியமில்லை. இராணுவத்திடம் கையால் ஒப்படைத்த மகனுக்குத் தாய் எப்படி அந்தியேட்டி செய்வாள்? செய்தால் செத்துவிட்டான் என்று அவளே ஒப்புக்கொண்டதாகும். மனைவி பொட்டை அழிக்கவில்லை. படத்துக்கு மாலை போடவில்லை. பிறந்தநாளுக்குக் கோயிலில் அவன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்கிறாள். 2010இல் வந்த சட்டப்படி மரணச் சான்றிதழ் பெறலாம் என்றார்கள், பலர் மறுத்தார்கள். அதனால் 2016இல், இறந்தார் என்று சொல்லாமல், காணாமற்போயிருக்கிறார் என்று மட்டும் உறுதிசெய்யும் சான்றிதழுக்கு வழி செய்தார்கள். சொத்துகளைப் பராமரிக்கவும் அரச உதவிகளுக்கு விண்ணப்பிக்கவும் அது உதவும். தாய்மார் கேட்டது அதையல்ல. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் தேதி கொட்டகை போட்டுப் போராட்டத்தில் இருக்கத் தொடங்கியவர்களில் சிலர் பதில் தெரியாமலே இறந்துபோனார்கள்.

அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் 2025இல் தகனமேடை வேலைக்கு நிலம் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிவந்தன. தொடர்ந்து நடந்த அகழ்வில் குழந்தைகளின் எலும்புக்கூடுகளும் கிடைத்தன. அங்கே எடுக்கப்பட்ட உடுப்புகளையும் பொருட்களையும் மக்கள் பார்வைக்கு வைத்தபோது, தன் பிள்ளையின் பொருள் அதில் இருக்க வேண்டும் என்றும் இருக்கக்கூடாது என்றும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டு போனவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டுக்குப் போனால் "எப்ப காரியம் செய்யப்போறியள்" என்று கேட்காதீர்கள். அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கதையுங்கள். நிகழ்காலத்தில் அவர்கள் பேசினால் நீங்களும் நிகழ்காலத்திலேயே பேசுங்கள்.

போரில் இறந்தவர்களை எப்படி நினைவுகூர்கிறார்கள்?

சைவர்கள் எரிப்பவர்கள். ஆனால் விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இறந்தவர்களைப் புதைத்துக் கல்லறை கட்டினார்கள், அவை துயிலும் இல்லங்கள். கல்லறை என்று ஒன்று இருந்ததால் தாய்மாருக்குப் போய் உட்கார்ந்து அழ ஓர் இடம் இருந்தது. கோப்பாய்த் துயிலும் இல்லம் இடிக்கப்பட்டு, அந்த நிலத்தில் 2011இல் இராணுவத் தலைமையகம் திறக்கப்பட்டது. நவம்பர் 27ஆம் தேதி மக்கள் அதற்குப் பக்கத்துக் காணியில் விளக்கேற்றுகிறார்கள். இயக்கத்தின் அரசியலை ஏற்காதவர்களும், இயக்கத்தாலேயே பிள்ளையை இழந்தவர்களும் இதே ஊரில் இருக்கிறார்கள். பின்னவர்களுக்குப் பொது மேடை கிடையாது. வீட்டுச் சாமியறைப் படம்தான்.

மே 18இல் முள்ளிவாய்க்கால் கஞ்சி. போரின் கடைசி நாட்களில் உயிர் பிடித்து வைத்த உப்புக்கஞ்சியைத் தெருவோரத்தில் காய்ச்சிக் கொடுக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8ஆம் தேதி இரவில் இடித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பி, அதே வருடம் ஏப்ரலில் திரும்பக் கட்டித் திறந்தார்கள்.

திவசத்தை எந்த நாளில் செய்வது?

தேதியை விட்டுவிடுங்கள், திதிதான் கணக்கு. இறந்த தமிழ் மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி என்ன என்று அன்றைக்கே எழுதி வையுங்கள். வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில நாட்களில் ஒத்துவராது. உங்கள் வீட்டில் எதைப் பார்க்கிறார்களோ அதையே பாருங்கள். வெளிநாட்டில் இறந்தவருக்கு அந்த ஊர் நேரப்படி திதி பார்ப்பதா யாழ்ப்பாண நேரப்படியா என்று சண்டை வரும். இறந்த இடத்து நேரத்தை எடுப்பதுதான் பொருத்தம் என்று படுகிறது.

தகப்பன் இல்லாதவர்கள் ஆடி அமாவாசைக்கும், தாய் இல்லாதவர்கள் சித்திரைப் பறுவத்துக்கும் (பௌர்ணமி) விரதம். ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் நிற்க இடமிருக்காது, விடியமுன் போங்கள்.

கல்வெட்டு அடிப்பது தேவையா?

31ஆம் நாள் வருபவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலரைத்தான் கேட்கிறீர்கள். திதி வெண்பா, பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகளின் புலம்பல், வம்சாவளி, நன்றி நவிலல் என்று வரும். பல வீடுகளில் தேவாரப் புத்தகமாகப் பயன்படுவதும் இதுதான். வாழ்க்கை வரலாற்றில் எல்லோரும் "இன்முகத்தோடு வரவேற்கும் பண்பாளர்" ஆகிவிடுவது ஒரு குறை. அவர் எந்தக் கடையில் வேலை செய்தார், எந்த இடப்பெயர்வில் எங்கே போய் இருந்தார், எந்தக் காணியில் என்ன பயிர் வைத்தார் என்று எழுதுங்கள். 1995 இடப்பெயர்வில் ஒரு குடும்பம் எந்த வழியால் போனது என்பது வேறெங்கும் பதிவாகியிருக்காது. நூலகம் நிறுவனம் இப்படியான நினைவு மலர்களையும் மின்வடிவில் சேமிக்கிறது, ஒரு பிரதியை அவர்களுக்கும் கொடுக்கலாம். வம்சாவளியில் பெண் பிள்ளைகளின் வழியையும் சேருங்கள். அச்சகத்துக்குக் கொடுக்கமுன் பெயர்களை இரண்டு பக்கத்துச் சொந்தங்களுக்கும் காட்டிச் சரிபார்க்க வேண்டும். 25ஆம் நாளுக்குள் கொடுத்தால் அவசரமில்லாமல் முடியும்.